நான்காவது கீற்று

டிசம்பர் 16, திங்கள்

காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. குழாய்க்குள்ளேயே உறைந்திருந்தது. வாசல் புல்லெல்லாம் வெள்ளை. பக்கத்து வீட்டு லிங்கன் ஒரு செம்பு வெந்நீரைக் கொண்டுவந்து குழாயின் மேல் ஊற்றிவிட்டு, ஏதோ கண்டுபிடித்துவிட்டவர் போல என்னைப் பார்த்துச் சிரித்தார். குன்னூருக்குக் குளிர் வந்துவிட்டது என்று அறிவிக்க ஒவ்வொரு வருடமும் ஒருவர் கிளம்பிவிடுகிறார்.

இந்த வருடம் அறிவிக்க வந்திருப்பவன் சிகாமணி.

முழுப் பெயர் தெய்வசிகாமணி. கோயம்புத்தூரில் என்னோடு எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவன். நான் முதல் வகுப்பு. அவன் தேறினான், அவ்வளவுதான். பிறகு பம்பாய், துபாய் என்று வாசனைக் கம்பெனிகளில் சுற்றிவிட்டு, இப்போது இங்கே குன்னூர் பெட்போர்டில் செண்டுக் கடை போட்டிருக்கிறான். தமயந்தி வேலை பார்க்கும் தேயிலைத் தரகு அலுவலகம் மாடியில், இவன் கடை அதற்கு நேர் கீழே. குன்னூரில் வேறு கட்டடமே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

தமயந்தி என் மனைவி. அவளைப் பெண் பார்க்க முதலில் வந்தவன் சிகாமணி. ஜாதகம் பொருந்தவில்லை என்று விட்டுவிட்டார்கள். அதன் பிறகுதான் என்னைத் தேடி வந்தார்கள். இதை யாரும் என்னிடம் மறைக்கவில்லை. நானும் மறக்கவில்லை.

குளிருக்கென்றே ஒரு செண்டு செய்திருக்கிறானாம். பெயர் ‘கம்பளி’. அடுத்து போர்வை வரும், அதற்கடுத்து மெத்தை வரும். அடித்தளம் பச்சோலி. துளசிக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு செடியின் இலை அது. நிழலில் உலர்த்தி, குவித்துப் போட்டு, லேசாகப் புழுங்கவிட்டு, பிறகு காய்ச்சினால்தான் எண்ணெய் தன் குணத்தைக் காட்டும். நனைந்த மண், பழைய மரப்பெட்டி, ஓரத்தில் துளி கற்பூரம். கோடையில் பூசினால் பக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலி. குளிரில் கம்பளித் துணியில் ஒரு சொட்டு விட்டால், உடம்பின் சூட்டுக்கு மெல்ல மெல்ல அவிழும். துவைத்தாலும் லேசில் போகாது. மூக்கே இல்லாதவனுக்கும் தெரிகிற வாசனை. சிகாமணி அதைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

காபி இன்றும் வெந்நீர் மாதிரிதான். ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் தமயந்திக்கு டிகாக்‌ஷன் மேல் அக்கறை போய்விட்டது.

டிசம்பர் 18, புதன்

சாம்பாரில் பெருங்காயம் இல்லை. போட்டேன் என்கிறாள். வாதிடவில்லை.

டிசம்பர் 19, வியாழன்

மேட்டுப்பாளையம் கம்பெனியிலிருந்து பழைய சகா ஒருவர் போன் செய்தார். “சார், உங்க எடத்துக்கு ஒரு பையனப் போட்டுட்டாங்க” என்றார். அனுதாபம் காட்டுகிறாராம்.

இருபது வருடத்துக்கு மேல் அந்த ஊதுபத்தி, சோப்புக் கம்பெனிக்கு மூக்காக இருந்தவன் நான். உள்ளே வரும் எண்ணெய், வெளியே போகும் சரக்கு எல்லாம் என் மூக்கின் கீழாகத்தான் போகும். அக்டோபரில் காய்ச்சல் வந்து படுத்தேன். எழுந்து போன முதல் வாரமே சந்தனச் சரக்கு ஒன்று திரும்பி வந்தது, கெட்டுப்போன நெய் வாடை அடிக்கிறதென்று. நான் பார்த்து அனுப்பியபோது அதில் ஒரு வாடையும் இல்லை. சத்தியமாக ஒரு வாடையும் இல்லை. கிடங்கில் யாரோ விளையாடியிருக்கிறார்கள். “கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க சார்” என்றான் முதலாளியின் மகன். அவன் வாயால் ரெஸ்ட் என்ற சொல்லைக் கேட்டதும் நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 21, சனி

இன்று மாலை தமயந்தி உள்ளே நுழைந்தபோது வாசனையும் கூடவே நுழைந்தது.

பச்சோலி. சந்தேகமே இல்லை. அவளுடைய சாம்பல் நிறச் சால்வையிலிருந்து. அவள் செருப்பைக் கழற்றும்போதே எனக்கு எட்டிவிட்டது. ஈரமண், அடியில் பழைய மரம். வீட்டின் அத்தனை வாசனைகளும் ஒதுங்கி நின்று வழிவிட்டது போல அது மட்டும் தனியாக வந்தது.

“இது எங்கேருந்து?” என்றேன்.

“எதுங்க?”

“இந்த வாசனை.”

அவள் சால்வையின் முனையை எடுத்து மோந்து பார்த்தாள். “பாச்சை உருண்டை வாசந்தானுங்க அடிக்குது. நேத்துத்தான் பெட்டியில இருந்து எடுத்தேன்.”

“பாச்சை உருண்டைக்கும் பச்சோலிக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்?”

“எனக்கு ஒன்னும் தெரியலீங்க” என்று சொல்லிவிட்டு, என்னையே ஒரு மாதிரி பார்த்தாள். குற்றம் செய்தவர்கள்தான் அப்படிப் பார்ப்பார்கள்.

டிசம்பர் 24, செவ்வாய்

அடுப்பில் பாலை வைத்துவிட்டு முன்னறையில் படித்துக்கொண்டிருந்தேன். தமயந்தி கதவைத் திறந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். பால் வற்றிப் பாத்திரம் கரியாகியிருந்தது.

“ஏனுங்க, கேட்டு வரைக்கும் தீஞ்ச நாத்தம் வருது. உள்ளயே உக்காந்திருக்கீங்க, உங்களுக்குத் தெரியலீங்களா?”

படிப்பில் ஆழ்ந்தவனுக்கு உலகமே தெரியாது. அது ஒரு குற்றமா? ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டாள். பனி உள்ளே வந்ததுதான் மிச்சம்.

டிசம்பர் 26, வியாழன்

இப்போது ஆபீசிலிருந்து அடிக்கடி போன். “அடுப்ப அணைச்சீங்களா? சிலிண்டர மூடினீங்களா?” நான் வீட்டில் இருக்கிறேனா, பெட்போர்டு பக்கம் வந்துவிட்டேனா என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. கெட்டிக்காரி.

டிசம்பர் 28, சனி

சிகாமணியின் கடைக்குப் போனேன். அந்தப் பக்கம் வேறு வேலை இருந்தது. வழியில் ஒரு காட்டுமாடு தேயிலைச் சரிவிலிருந்து இறங்கி நடுச்சாலையில் நின்றுவிட, பஸ், ஆட்டோ எல்லாம் அதற்காகக் காத்திருந்தன. யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. பெரிய உடம்புக்கு இந்த ஊரில் கிடைக்கிற மரியாதை படித்தவனுக்குக் கிடைப்பதில்லை.

“அட, அர்த்தநாரி! உள்ள வாடா. கண்ணாடிக்கு வெளிய நின்னு எவ்வளவு நேரமா பாத்துட்டிருக்க?”

“இப்பத்தான் வந்தேன்.”

“சரி சரி. மூக்கு செவந்து போயிருக்குது. டீ சொல்றேன்.”

தலை நரைத்திருக்கிறது, ஆனால் முழுத் தலையும் இருக்கிறது. டீயோடு வர்க்கி பிஸ்கட்டும் வந்தது. கடை முழுவதும் கண்ணாடி அலமாரி, அலமாரி முழுவதும் பழுப்பு நிற பாட்டில்கள். ஆனால் உள்ளே ஒரு வாசனையும் இல்லை. அத்தனை பாட்டில் இருந்தும் ஒரு மளிகைக்கடை அளவுக்குக்கூட இல்லை. சரக்கு அவ்வளவு மட்டம்.

“கம்பளிய மோந்து பாக்கறியா?” என்று ஒரு பாட்டிலை எடுத்தான்.

“வெச்சுக்க. நான் வேடிக்கை பாக்க வரல” என்றேன். பிறகு, சும்மா இருக்க முடியாமல், “எலுமிச்சைய மறக்கலியே?” என்று கேட்டேன்.

சிரித்தான். ஆனால் காது சிவந்தது. பார்த்தேன்.

பேராசிரியர் தாணுமாலயன் வாசனை வகுப்பு எடுப்பார். காகிதக் கீற்றுகளின் நுனியை ஒவ்வோர் எண்ணெயில் தோய்த்து எங்கள் கையில் கொடுப்பார். நாங்கள் மோந்து, என்ன எண்ணெய் என்று சொல்ல வேண்டும். அதில் ஒரு கீற்று எப்போதும் வெற்றுத்தாளாக இருக்கும். எது என்று அவருக்கு மட்டுமே தெரியும். ‘இதில் ஒன்றும் இல்லை’ என்று சொல்லும் துணிச்சல் யாருக்கு இருக்கிறதோ அவனுக்குத்தான் முழு மதிப்பெண். இருக்கும் வாசனையை எவனும் சொல்வான், இல்லாததை இல்லை என்பவனே மூக்குள்ளவன் என்பார். ஒரு நாள் சிகாமணி வெற்றுத்தாளைக் கண்ணை மூடி மோந்து, “எலுமிச்சை சார், நல்ல முத்தின எலுமிச்சை” என்றான். வகுப்பே உருண்டது. அன்று முதல் படிப்பு முடியும்வரை அவனுக்குப் பெயர் எலுமிச்சை. விடுதிச் சமையல்காரர் உட்பட எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வைத்தவன் நான்.

“மறக்க விட்டாத்தானே மறக்க முடியும்” என்றான். “சரி, வேலையப் பேசலாம். கம்பளிய வெளிய விடறதுக்கு முன்னால நாலு பேரு மோந்து சொல்லணும். பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை ஒரு ரெண்டு மூணு பேரக் கூப்பிட்டிருக்கேன். நீயும் வா. வந்து நல்லாத் திட்டு. ஒத்து வந்துச்சுன்னா இங்கயே இருந்துரு. எனக்கு ஒரு நல்ல மூக்கு வேணும்டா. மூக்கு உன்னுது, பேரு என்னுது.”

“கம்பளின்னு வெச்ச பேர நீயே வெச்சுக்க.”

“பாத்தியா, ஆரம்பிச்சுட்டான்!” என்று தொடையில் அடித்துச் சிரித்தான்.

பணம் இருக்கிறது, கடை இருக்கிறது, தலைமுடி இருக்கிறது. மூக்கு மட்டும் இல்லை. அதற்கு என்னிடம் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. போவேன். கட்டாயம் போவேன்.

ஜனவரி 1, புதன்

தமயந்தி எனக்கு ஸ்வெட்டர் வாங்கித் தந்தாள். கடைப் பையிலிருந்து எடுக்கும்போதே பச்சோலி. என் உடம்பிலேயே அவன் வாசனையைப் போர்த்துகிறார்கள்.

ஜனவரி 6, திங்கள்

கண்ணால் பார்த்துவிட்டேன்.

ஐந்தரை மணிக்கு பெட்போர்டு பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். தமயந்தி மாடியிலிருந்து இறங்கினாள். பஸ்ஸுக்கு வரவில்லை. சிகாமணியின் கடைக்குள் போனாள். விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. அவள் ஏதோ சொன்னாள். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். பிறகு அவள் சால்வையின் முனையை நீட்ட, அவன் அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி மோந்தான். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. பிறகு தலையை ஆட்டினான். என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

“நாந்தானுங்க மோந்து பாக்கச் சொன்னேன்” என்றாள், நான் கேட்டதும். மறைக்கக்கூட முயலவில்லை.

“எதுக்கு?”

“சொன்னா கோவப்படுவீங்க.”

“இப்ப மட்டும் கொஞ்சிட்டா இருக்கேன்?”

“சிகாமணியண்ணன் ஒன்னும் தப்பா...”

அண்ணன்! உலகத்திலேயே மிகப் பழைய தந்திரம் அது.

பிறகு, சம்பந்தமே இல்லாமல், “கோயமுத்தூர் போயி காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருத்தரப் பாத்துட்டு வந்துரலாமுங்க. காய்ச்சலுக்கு அப்பறம் நீங்க எதுக்கும் காட்டவே இல்ல” என்றாள்.

“எனக்குத் தொண்டையில கோளாறா, காதுல கோளாறா?”

சளி பிடித்தவனுக்குச் சொல்கிற யோசனையை, வாசல் தாண்டி வருவதையே மோந்து சொல்கிறவனிடம் சொல்கிறாள். பேச்சை மாற்றுகிறாளாம்.

என் படுக்கையை முன்னறைக்கு எடுத்து வந்துவிட்டேன். பொங்கல் கழிந்ததும் திருப்பூரில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். “ஒரேயடியா போகச் சொல்றீங்களா?” என்றாள். தெரியவில்லை என்றேன். முதலில் சனிக்கிழமை வரட்டும்.

ஜனவரி 9, வியாழன்

பேச்சு இல்லை. உப்பில்லை, உறைப்பில்லை. துணிகள் நான்கு நாளாகக் கொடியில் காயாமல் தொங்குகின்றன.

ஜனவரி 11, சனி

வென்றேன். நிதானமாக எழுதுகிறேன்.

கடையின் உள்ளறையில் ஒரு மேசை. என்னைத் தவிர இரண்டு பேர். ஒருவர் ஊட்டி சாலையில் தங்கும் விடுதி நடத்தும் பர்வீன் பானு. அறைகளில் வைக்க ஒரு வாசனை தேடுகிறாராம். இன்னொருவர் ஸ்வெட்டர் கடை லோகநாதன். செண்டு தெளித்த ஸ்வெட்டருக்குக் கூடுதலாகக் கேட்கலாம் என்பது அவர் கணக்கு. இரண்டு பேரும் வாசனை பற்றி என்ன படித்தவர்கள் என்று நான் கேட்கவில்லை. சபை நாகரிகம்.

சிகாமணி ஆளுக்கு நான்கு கீற்றுகள் கொடுத்தான். ஓரத்தில் பென்சிலால் எண் போட்டிருந்தது. பழைய பாணிதான். தாணுமாலயன் செத்தும் விடவில்லை.

முதல் இரண்டும் நீர்த்த சரக்கு. பேசத் தகுதியில்லாதவை. தள்ளிவைத்தேன்.

மூன்றாவதை லோகநாதன் மோந்துவிட்டு, “யப்பா! மழை பேஞ்சு ஓஞ்ச மாதிரி இருக்குதுங்க” என்றார். பர்வீன் கண்ணை மூடி, “எங்க நன்னிம்மா துணிப்பெட்டி” என்று தன் பாட்டியை நினைத்துக்கொண்டார். நான் மோந்தேன். நிதானமாக, மூன்று முறை. பிறகு மேசையில் வைத்தேன்.

“சிகாமணி, எங்கிட்டயேவா? இது வெத்துத்தாள்” என்றேன்.

லோகநாதன் என்னைப் பார்த்தார். பர்வீன் சிகாமணியைப் பார்த்தார். பக்கத்தில் இருப்பவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு இல்லாத வாசனையை மோக்கும் ஆட்களை நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன்.

நான்காவதை எடுத்ததுமே பர்வீன், “இதுல எனக்கு ஒன்னுமே வரலியே. மூணாவது மோந்ததுல மூக்கு அடைச்சிருச்சு போல” என்றார். லோகநாதனும் தலையாட்டினார்.

நான் எடுத்தேன். மூக்கருகே கொண்டுபோகும் முன்பே அது என்னைத் தேடி வந்துவிட்டது. அதே பச்சோலி. அதே சால்வை. வாழ்க்கையில் எந்த வாசனையும் எனக்கு அவ்வளவு தெளிவாக வந்ததில்லை.

எழுந்து நின்றே சொன்னேன். “இதுதான் உன் கம்பளி. இலைய சரியாப் புழுங்க விடல, அவசரப்பட்டிருக்க. இரும்பு அண்டாவுல காய்ச்சின எண்ணெய வாங்கியிருக்க, அடியில துரு நிக்குது. வயசாகாத எண்ணெய். அத மறைக்க மேல எதையோ இனிப்பாத் தடவியிருக்க. வெளிய கதகதப்பு, உள்ள ஈரம். அடுத்தவன் வீட்டுக்குள்ள கேக்காம நொழையற வாசனை இது. மூடி போட்டாலும் நொழையும்.”

லோகநாதன் தன் கையிலிருந்த நான்காவது கீற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இல்லீங்க சார், இதுல வந்து...” என்று ஆரம்பித்தார். சிகாமணி கையை உயர்த்தி அவரை நிறுத்தினான்.

“அவன் சொன்னது சரிதானுங்க” என்றான். “நாலாவதுல கொறை இருக்குது. எனக்குத் தெரியும்.”

எல்லோரிடமிருந்தும் நான்காவது கீற்றை மட்டும் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். என் கையிலிருந்ததை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

டீ வந்தது. வேலையைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. திறக்க மாட்டான். தோற்கடித்தவனைப் பக்கத்தில் உட்காரவைக்க யாருக்கு மனம் வரும்?

ஜனவரி 12, ஞாயிறு

ஒரு சிறிய விஷயம். வெற்றுத்தாள் மூன்றாவதுதான். அதில் ஒன்றுமே இல்லை. யோசித்துப் பார்த்தால் முதலாவதிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும். தாணுமாலயன் ஒன்றே ஒன்றுதான் வைப்பார். சிகாமணிக்கு முறை தெரியவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் பொங்கியது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு ‘பொங்கலோ பொங்கல்’ சொன்னோம்.

ஜனவரி 16, வியாழன்

திங்கட்கிழமை திருப்பூர் போகிறாள். ஆபீசில் லீவு சொல்லிவிட்டாள். பீரோவிலிருந்து துணிகளை எடுத்துப் பெட்டியில் அடுக்குகிறாள். சாம்பல் சால்வையைக் கட்டில் மேல் போட்டிருக்கிறாள். அது இங்கே முன்னறையில் என் படுக்கை வரைக்கும் அடிக்கிறது.

ஜனவரி 17, வெள்ளி. பகல்

ஆதாரம் கிடைத்துவிட்டது. அவள் அடுக்கிவைத்த பெட்டியில், புடவைகளுக்கு அடியில், ஒரு துண்டில் சுற்றி வைத்திருந்த பாட்டில். ‘கம்பளி’. கழுத்தில் முத்திரை கூடப் பிரிக்கவில்லை.

பிரித்தேன். மணிக்கட்டில் அடித்தேன். ஜில்லென்றது. மோந்தேன்.

தண்ணீர்.

மறுபடி அடித்தேன். உள்ளங்கையில் குளம் கட்டும் அளவுக்கு அடித்து, மூக்கைக் கைக்குள் புதைத்தேன். மூக்கின் உட்புறம் எரிந்தது. வாசனை இல்லை. ஈரமண் இல்லை, மரப்பெட்டி இல்லை, கற்பூரம் இல்லை. கட்டில் மேல் கிடந்த சால்வை மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

வெறும் ஸ்பிரிட்டை பாட்டிலில் அடைத்து என் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறான். என்னை முட்டாளாக்கப் பார்க்கிறான். பாட்டிலைச் சமையலறைத் தரையில் ஓங்கி அடித்தேன். சுக்குநூறு. துடைக்கவில்லை. அவள் வந்து பார்க்கட்டும்.

அதே நாள், மாலை

கேட் திறக்கும் சத்தத்துக்கு முன் இருமல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வாசலில் லிங்கன், மூக்கில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். அவர் மனைவி இரண்டடி பின்னால்.

“சார், உள்ள என்ன பண்றீங்க? மத்தியானத்துல இருந்து எங்க வீடு பூரா செண்டு வாசம். எங்கம்மாவுக்கு மூச்சு முட்டுது. கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்தோம், கதவே தொறக்கல!”

“என்ன வாசம்?” என்றேன்.

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போல் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவர் நடிக்கவில்லை. லிங்கனுக்கு நடிக்கத் தெரியாது.

பின்னாலேயே தமயந்தி வந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி என்னைத் தாண்டி உள்ளே போய், ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தாள். கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தாள். விளக்குமாற்றை எடுத்தாள்.

நான் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தேன். பகல் முழுக்க இதற்குள்தான் உட்கார்ந்திருந்தேன்.

“எப்பத்துல இருந்து தெரியும்?” என்று கேட்டேன்.

கூட்டுவதை நிறுத்தினாள். “காய்ச்சல் விட்ட வாரமே தெரியுமுங்க. ரசம் ஊசிப்போனத ரெண்டு வேளை சாப்பிட்டீங்க.”

“சொல்லலியே.”

“எப்படீங்க சொல்ல? உங்ககிட்ட இருந்ததே அது ஒன்னுதான்.”

பிறகு அவளாகவே, குனிந்தபடி, துண்டு துண்டாகச் சொன்னாள். சால்வையில் வாசனை அடிக்கிறதென்று நான் சாதித்ததும் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டதாம். தன் மூக்குத்தான் கெட்டுவிட்டதோ என்று சிகாமணியிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். அவன் இரண்டு முறை மோந்து, பாச்சை உருண்டை மட்டும்தான் என்றிருக்கிறான். காய்ச்சலில் மூக்கு போனவர்களுக்குச் சில சமயம் இல்லாத வாசனை அடிக்குமாம். மனது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறதோ அது அடிக்கும் என்று அவள் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டாள். தினமும் ஒரே வாசனையைக் காலையும் மாலையும் மோந்து பழகினால் சிலருக்குத் திரும்பி வருமாம். அதற்குத்தான் அந்த பாட்டில். பொங்கலுக்கு மறுநாள் சிகாமணி கொடுத்தது. என்னிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

“நாலாவதுல என்ன இருந்துச்சு?” என்று கேட்டேன்.

அவள் மறுபடி கூட்ட ஆரம்பித்தாள்.

“தமயந்தி.”

“ஒன்னுமில்லீங்க” என்றாள். “வெறுந்தாளு. மூணாவதுதான் கம்பளி. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாரு.”

ஜனவரி 18, சனி

எலுமிச்சை. அவன் அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும். இரண்டு சாட்சிகள் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து நின்று சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தேன். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் அன்றைக்கே குன்னூர் முழுக்கத் தெரிந்திருக்கும். அவன் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டான்.

கடை அவனுக்கு, மூக்கு அவனுக்கு. போகட்டும். பெருந்தன்மையும் அவனுக்கே என்றால் எனக்கென்று என்னதான் மிச்சம்?

ஜனவரி 20, திங்கள்

தமயந்தி திருப்பூர் போகவில்லை. போ என்றும் நான் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. பெட்டியைப் பிரித்து அடுக்கினாள். நான் படுக்கையை உள்ளே எடுத்துப் போனேன்.

ஜனவரி 23, வியாழன்

தரையில் கொட்டியது திரைச்சீலை, துணி, தலையணை எல்லாவற்றிலும் ஏறிவிட்டதாம். சாம்பல் சால்வையில் அதிகம். பஸ்ஸில் கண்டக்டர், “அக்கா ஏறினா வண்டியே மணக்குது” என்றாராம். லிங்கன், “உங்க வீட்டுப் பக்கம் காட்டுமாடே வர்றதில்ல சார்” என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

அன்றிலிருந்து எனக்கு அந்தச் சால்வையில் எதுவும் அடிக்கவில்லை. அவள் பக்கத்தில் வந்து நின்றாலும் இல்லை. ஊரே மோக்கிற வாசனை என் மனைவி மேல் இருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. பொய்யாக இருந்தாலும் முன்பு ஒரு வாசனையாவது இருந்தது.

ஜனவரி 27, திங்கள்

கோயம்புத்தூர் போய் டாக்டரைப் பார்த்தோம். வரலாம், வராமலும் போகலாம் என்றார். இதற்கு ஒரு படிப்பு.

பிப்ரவரி 2, ஞாயிறு

சிகாமணி வந்தான். வாசலிலேயே நின்று மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, “ஏன்டா, உனக்குப் பூசிக்கக் குடுத்தா தரைக்குப் பூசிருக்க? பரவால்ல, தரைக்கு நல்லாத்தான் இருக்குது” என்றான்.

தமயந்தி டீ போட உள்ளே போனாள். நான் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டேன்.

“அன்னிக்கு ஏன் சொல்லல?”

“என்னத்த?”

“எலுமிச்சைன்னு.”

சிகாமணி சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தான்.

“நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சுடா. பொய் சொல்ல மாட்டேன். இத்தன வருசமா காத்துட்டிருந்த வார்த்தை. ஆனா நீ சொல்லிட்டிருந்தப்ப உன் மூஞ்சியப் பாத்தேன். அன்னிக்கு கிளாஸ்ல எனக்கு நெசமாவே அடிச்சுதுடா, எலுமிச்சை. நீங்கெல்லாம் சிரிச்சீங்க. எனக்கு அப்பவும் அடிச்சிட்டேதான் இருந்துச்சு.”

டீ வந்தது. குடித்தோம். சூடு தெரிந்தது, இனிப்பு தெரிந்தது. மற்றது தெரியவில்லை.

புது பாட்டில் ஒன்றையும் ஒரு கட்டு கீற்றையும் வைத்துவிட்டுப் போனான். போகும்போது தமயந்தியைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னான். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பழைய ஆத்திரம் ஒரு முறை எட்டிப் பார்த்தது. அது இன்னும் இருக்கிறது என்பதையும் குறித்துவைக்கிறேன்.

என்ன சொன்னான் என்பது விளக்கு வைத்த பிறகு தெரிந்தது. தமயந்தி சாம்பல் சால்வையைப் போர்த்திக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். கையில் நான்கு கீற்றுகள். ஓரத்தில் பென்சிலால் எண். தாணுமாலயன் முறைதான், ஒன்று மட்டும் வெற்றுத்தாள்.

“பொய் சொல்லக் கூடாதுங்க” என்றாள்.

முதலாவதை மோந்தேன். “ஒன்னுமில்ல” என்றேன். இரண்டாவதை மோந்தேன். ஒன்றுமில்லை. மூன்றாவதை நெடுநேரம் வைத்திருந்தேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ஒன்றுமில்லை. நான்காவது.

“ஒன்னுமில்ல.”

அவள் கீற்றுகளைத் திருப்பி எண்ணைப் பார்த்தாள். அவற்றை ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினாள்.

“ஒன்னு சரிங்க” என்றாள்.